ஆறு பத்துக்கு, கிழக்கு வரம்பு

தம்பலகாமத்தில் இன்று பனி.
மதகுக் கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுப்
படிவத்தின் தலையில் எழுதுகிறேன்:
ஜனவரி இருபத்தைந்து, காற்று இல்லை,
பார்வைத் தூரம் இரண்டு வரம்பு.

பைனாக்குலரின் இடது கண்ணில் பூஞ்சணம்.
வலது கண்ணுக்கு மட்டும் வயல் கிட்ட வருகிறது.
முதலில் சத்தங்கள்.
செண்பகம் ஒன்று, மருதமரப் பக்கம்.
ஆள்காட்டி இரண்டு, காட்டிக்கொடுப்பது என்னைத்தான்.
கண்டதற்கு ஒரு குறி,
கேட்டதற்கு வேறு குறி.

நல்லரெத்தினம் அண்ணர் காவல் வாடியிலிருந்து இறங்குகிறார்.
யானைக்கு முழித்த இரவு கண்ணில் சிவந்திருக்கிறது,
மடியில் மிஞ்சிய வெடி ஒன்று.
"எத்தினை?" என்கிறார்,
வட்டி கேட்கும் குரலில்.
"கொக்கு முப்பத்தாறு."
"கொக்கு நெல்லுத் தின்னாது, விடுங்க டீச்சர். நெல்லுக்குருவி?"
"இன்னும் எழும்பவில்லை."
"எழும்பாட்டி, உள்ளுக்க இருந்து திங்குதெண்டு அர்த்தம்."

அவருடைய கணக்கு மூட்டையில்.
போன பெரும்போகம் மயிலுக்கு நாலு,
குருவிக்கு ஆறு,
நீலக்கோழி மிதித்துச் சாய்த்தது தனி.
என்னுடையது தலைக்கணக்கு.
இரண்டும் வந்து குந்துவது
ஒரே கதிரில்.

பிறகு ரயில்.
பனிக்குள் முதலில் விளக்கு, அப்புறம் ஊதல்,
பால்பிடித்த வயல் முழுவதும் ஒருதரம் உதறிக்கொள்ள
குருவி, குருவி, குருவி!
இருக்கும்வரை எண்ண முடியாதவை
பறந்தால்தான் எண்ணுக்கு வரும்.
பத்தை எண்ணுகிறேன்.
அந்தப் பத்தைப் பெருவிரல் அளவாக்கி
வானத்தில் ஒட்டி ஒட்டிப் போகிறேன்,
இருபது, எண்பது, நூற்றிப்பத்து,
கூட்டம் திரும்புகிறது, வயிறு வெளுக்கிறது,
விரல் பிசகுகிறது,
நானூறு.

"அறுநூறு போடுங்க. நட்டஈட்டுக்கு உதவும்."
போடவில்லை.
நானூறுக்கு முன்னால்
ஏறத்தாழ என்று மட்டும் போட்டேன்.

ஏழரைக்குப் பனி கழன்றது.
உள்ளான் மேயும் சேற்று மூலைக்குப் போனேன்.
போன ஜனவரியில் பதினேழு,
அதற்கு முந்தினதில் இருபத்திரண்டு.
அரை மணித்தியாலம் குந்தியிருந்தேன்,
சீலைக்கரை சேற்றில் ஊற.
ஒரு தவளை.
அடுத்த காணியில் மருந்தடிக்கும் மெசின்.
இன்னொரு தவளை, அல்லது அதே தவளை.
ஒன்று என்று எழுத ஒரு நொடி போதும்.
இதற்கு,
இல்லாததை முழுக்கப் பார்த்து முடிக்க வேண்டும்.

"இதென்ன, முட்டை கண்டீங்களோ?"
அண்ணர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்.
"இல்லை, பூச்சியம். உள்ளான் இல்லை."
"அப்ப இது?"
பழைய ஆண்டுகளின் அட்டவணை.
எண்பத்துநாலு வரை யாரோ எண்ணியிருக்கிறார்கள், நீல மையில்.
அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.
"அதுவும் பூச்சியந்தானே?"
"பூச்சியம், வந்து பார்த்து இல்லாதது.
இது, ஒருவரும் வராதது."

அவர் விரல்
கட்டம் கட்டமாய்க் கீழே இறங்கியது.
ஒன்றிரண்டில் நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ஓடிப்போய், திரும்பி வரேக்க
வயல் முட்ட நாணல்.
நாணலுக்க ஒரே சத்தம், டீச்சர்.
என்ன குருவியெண்டு பாக்கயில்ல.
வெட்டத்தான் பாத்தம்."
கொஞ்சம் பொறுத்து,
"அதை எழுதலாமோ?"

சத்தத்துக்குக் குறி உண்டு.
இத்தனை வருடம் பிந்தி வந்து சேர்ந்த
சத்தத்துக்கு இல்லை.
குறிப்பு என்ற ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
நாணலுக்குள் நிறைய. இனம் தெரியாது.
கேட்டவர், காணிக்காரர்.

வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
"நிறைய இல்ல, சரியான நிறைய."
திருத்தினேன்.

குருவிகள் திரும்பி வந்து
வடக்கு மூலையில் விழுகின்றன.
எண்ணியதை மறுபடி எண்ணக்கூடாது.
பேனாவை மூடுகிறேன்.
அண்ணர் கைதட்டிக் கத்திக்கொண்டு
வரம்பில் ஓடுகிறார்.